துலாவால் விழுந்த கால்

1974 யூலை 8, திங்கள்

சோளகக் காற்று பேயாட்டம் ஆடுகிறது. முற்றம் முழுக்கப் புழுதி. விடிய எழும்பி வெங்காயத்துக்குத் தண்ணீர். இறைக்கிற மிசினுக்கு மண்ணெண்ணெய் நாளைக்குக் காணாது.

கொழும்புச் சங்கத்தின் பதில் வந்தது. பழைய படையாட்களின் காரியங்களைப் பார்க்கிற சங்கம். மாசியில் எழுதிப் போட்டதற்கு இப்போதுதான் வாய் திறந்திருக்கிறார்கள். இங்கிலீசில், வலு மரியாதையாக. நான் வெள்ளைக்காரனின் படையில் மூன்று வருஷம் இருந்ததற்குப் பதிவு உண்டாம். ஆஸ்பத்திரியில் கிடந்ததற்கும் உண்டாம். என்ன காயம், எதனால் என்பது மட்டும் இல்லையாம். வலது கால் சண்டையில் ஊனமானது என்று அவர்கள் எழுதித் தருவதற்கு வேண்டியவை:

1. எக்ஸ்றே.
2. நான் திரும்பி வந்தபோது காயத்தைக் கண்ட ஊரவர் ஒருவரின் சாட்சி. விசாரிக்க அரசாங்க ஆள் வரும்.

முதலாவது லேசு. காலுக்குள் இரும்பு இன்னும் கிடக்கிறது. இரண்டாவதுக்கு அண்ணை ஒருவர்தான் மிச்சம். அம்மா போய்விட்டா. சண்டையில் பக்கத்தில் நின்று என்னைத் தூக்கிக்கொண்டு ஓடின குருநகர் சவிரிமுத்து கடலுக்குப் போய்த் திரும்பவில்லை.

அவர்கள் தரப்போகிற காசுக்கு இரண்டு நாள் வெற்றிலை வாங்கலாம். காசா பெரிது? இந்த ஊர் என்னைத் துலாக் கந்தையர் என்கிறது. அந்தப் பெயரோடு சுடலைக்குப் போக எனக்கு விருப்பமில்லை. அவ்வளவுதான்.

யூலை 9

கடிதத்தில் ஒரு கேள்வி. ஏன் இவ்வளவு காலம் விண்ணப்பிக்கவில்லை? பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். அவர்களுக்கு எழுத முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

லிபியாப் பக்கம் ஒரு துறைமுகம். கப்பலிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தோம். விமானம் வந்து குண்டு போட்டது. அவ்வளவுதான் கதை. காலில் கட்டோடு ஊர் வந்து ஒரு வருஷத்தில் சரசுவின் சம்பந்தம் பேச்சுக்கு வந்தது. பச்சைச் சைவக் குடும்பம். பட்டாளத்துக்குப் போனவன் என்றால் மாடு தின்றவன், குடித்தவன், கண்ட இடமெல்லாம் போனவன். பெண் தரமாட்டார்கள். (மாடு தின்றது உண்மை. குடித்தது கொஞ்சம். மற்றது அபாண்டம்.)

அம்மாவும் அண்ணையும் கூடிக் கதைத்து முடிவு கட்டினார்கள். நான் மூன்று வருஷமும் கொழும்பில் கடையில் நின்றவன். வந்த இடத்தில் துலாவால் விழுந்து கால் போனது. அந்தக் காலத்தில் இறைப்பு என்றால் ஒருவர் கிணற்றுத் துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்பார், ஒருவர் கீழே நின்று பனையோலைப் பட்டையில் தண்ணீர் வார்ப்பார். விழுந்து முறிந்தவர்கள் ஊருக்கு இரண்டு பேர் இருந்தார்கள். கமக்காரன் துலாவால் விழுந்தால் அதில் ஒரு வசையும் இல்லை.

என் காற்சட்டை, தொப்பி, கடதாசி எல்லாம் வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் வைத்து எரித்தார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. புகை மட்டும் நான் படுத்திருந்த அறைக்குள் வந்தது.

மாமா, அதாவது சரசுவின் தகப்பன், போன மார்கழியில்தான் கண்ணை மூடினார். அவர் இருக்குமட்டும் நான் வாயைத் திறக்க வழியில்லை. இதை இங்கிலீசில் எப்படி எழுதுவது? 'குடும்பக் காரணங்கள்' என்று எழுதினேன்.

யூலை 12, வெள்ளி

மு.ப. 7 பஸ். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி. நிற்க இடமில்லாத சனம். படம் எடுத்தாயிற்று.

டொக்டர் சின்னப் பெடியன். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டான். "ஐயா, ரண்டு இரும்புத் துண்டு கிடக்குது. உது எங்கை பட்டது?"

சொன்னேன். வாயால் சொல்லி எத்தனை காலம்!

"லிபியாவோ! உதை ஏன் ஐயா ஒருத்தருக்கும் சொல்லாமல் இருந்தனீங்கள்?"

அவன் எழும்பி வாசல்வரை கூட வந்து வழியனுப்பினான். பஸ்ஸுக்குள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இறங்குகிற இடத்தையும் விட்டுச் சுன்னாகம் சந்தையடியில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

வாங்கினது: வெற்றிலை, சவர்க்காரம் (கூட்டுறவுச் சங்கக் கடையில் இல்லை, கறுப்புச் சந்தையில்), சரசுவுக்கு ஊசி.

யூலை 14, ஞாயிறு

அண்ணை வீடு. அவருடைய மகள் வசந்தியின் கலியாணப் பேச்சு முற்றாகிவிட்டது. மாப்பிள்ளை மருதனார்மடம், வாத்தியார். ஆவணியில் முகூர்த்தம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வசந்தி பாதி வளர்ந்தது எங்கள் வீட்டில்தான். சந்தோஷம். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் என் கதையை எடுத்தேன்.

அண்ணை செம்பைக் கீழே வைத்தார். "உனக்கென்ன விசரோ?"

"உள்ளதைச் சொல்லச் சொல்லித்தானே கேக்கிறன்."

"மாப்பிள்ளை பகுதி சரசுவுக்கும் சொந்தம். இப்ப நான் போய்ச் சொன்னா என்ன கதைப்பினம்? பொய் சொல்லிப் பொம்பிளை எடுத்த குடும்பம் எண்டுவினம். எல்லாம் குழம்பிப் போகும்."

"ஆர் சொன்ன பொய் அண்ணை?"

"உனக்காகத்தான் சொன்னது."

எனக்காகவாம். எரித்ததும் எனக்காகத்தான். அப்படியே எழும்பி வந்திருக்க வேண்டும். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். வாசலில் அவர் சொன்ன கடைசி வார்த்தை, "யோசிப்பம்." அதைப் பிடித்துக்கொண்டு நானும் வந்துவிட்டேன், விசரன்.

யூலை 17, ஆடிப்பிறப்பு

கூழ், கொழுக்கட்டை. காற்று குறையவில்லை. நாளைக்கு மிளகாய்க்கு மருந்து அடிக்க வேண்டும்.

சரசுவிடம் சொன்னேன். கொழுக்கட்டைக்குத் தேங்காய்ப் பல்லுச் சொருகிக்கொண்டு இருந்தவள் நிமிரவே இல்லை.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கலியாணம் முடிஞ்ச முதல் மாசமே தெரியும். நித்திரையிலை நீங்கள் கத்துற கத்து தோட்டக்காரன்ரை கத்தோ? துலாவாலை விழுந்தவனுக்குத் துடையிலை ஓட்டை ஓட்டையாய் இருக்குமோ? எண்ணெய் பூசினது நான்தானே."

"ஏன் கேக்கேல்லை?"

"கேட்டு என்ன செய்யிறது? ஐயாவின்ரை காதிலை விழுந்திருந்தா என்னை அண்டைக்கே கூட்டிக்கொண்டு போயிருப்பார்."

பிறகு கூழுக்கு உப்புப் போதுமோ என்று கேட்டாள். இருவரும் ஒரே பொய்யைத் தனித்தனியாகக் காவல் காத்திருக்கிறோம். சிரிப்புத்தான் வந்தது.

யூலை 23, செவ்வாய்

விசாரணை. ஊர்த் தலைமைக்காரர் விதானையாரின் கந்தோர். கொழும்பிலிருந்து வந்தவர் தமிழர்தான், கண்ணாடி, நீளக் கைச் சட்டை, வியர்வை. என்னிடம் நல்ல முறையாகத்தான் கதைத்தார். படத்தைப் பார்த்தார். "இரும்பு இருக்கிறது. சரி. ஆனால் எப்போது, எங்கே உள்ளே போனது என்று யாராவது சொல்ல வேண்டுமே."

விதானையார் ஊரில் வயதான ஒருவரையும் கூப்பிட்டு வைத்திருந்தார். பக்கத்துத் தோட்டத்துச் சின்னத்தம்பி. என் காலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டதுதான் தாமதம்.

"என்ன தெரியுமோ? நான் கண்ணாலை கண்டனான் ஐயா! கீழை பட்டை பிடிச்சுக்கொண்டு நிண்டதே நான்தான். மேலை நிண்டவர் 'ஐயோ அம்மா' எண்டார். நிமிந்து பாக்கிறன், ஆள் வரம்பிலை கிடக்கிறார். நான்தான் தூக்கினனான்."

நடக்காத விழுகைக்குக் கண்கண்ட சாட்சி. அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவனுக்கு அது நடந்தே விட்டது. என்னைத் தூக்கின நோவில் ஒரு கிழமை தன் இடுப்பு நாரி பிடித்திருந்தது என்றும் சொன்னான்.

சரசு, "நான் சொல்லுறன் ஐயா" என்று முன்னுக்கு வந்தாள். கலியாணத்துக்குப் பிறகு கண்டது கணக்கில் சேராது என்றார் வந்தவர்.

அடுத்தது அண்ணை. வேட்டி, சால்வை, விபூதி. என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி துலாவாலை விழுந்தவன்."

"படையில் இருந்தாரே?"

"இருந்திருப்பான். கால் போனது துலாவாலை."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. விதானையார் என் தோளைப் பிடித்து இருத்தினார். காலுக்குள் இரும்பு எப்படி வந்தது என்று நான் கேட்க, விதானையாரே பதில் சொன்னார், "துலா அச்சிலையும் இரும்புதானே." வந்தவர் அதையும் எழுதிக்கொண்டார்.

யூலை 24

மழையில்லை. சாப்பிடவில்லை. சரசுவோடும் கதைக்கவில்லை, அவள் என்ன செய்தாள் பாவம்.

லிபியாக்காரன் என்மேல் குண்டு போடவில்லை. போட்டவன் ஜேர்மன்காரன், என்னைத் தெரியாதவன். அவனோடு எனக்குக் கோபமில்லை.

யூலை 26, வெள்ளி

அண்ணை வந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை, தானாக வந்து இருந்தார். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"பிள்ளையின்ரை காரியம் முடியட்டும். முடிஞ்ச அடுத்த நாள் நான் கையெழுத்து வைக்கிறன். எங்கை வேணுமெண்டாலும் வந்து சொல்லுறன்."

"ஓகஸ்ட் பத்துக்கு முந்தி வேறை சாட்சி இருந்தாக் குடுக்கச் சொல்லியிருக்கினம். கலியாணம் அதுக்குப் பிறகுதானே."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

வசந்தி அவரோடு வந்திருந்தாள். ஒன்றும் தெரியாது அவளுக்கு. என் காலடியில் இருந்து கலியாணச் சேலையின் நிறத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாம்பழ மஞ்சளாம். நல்லது என்றேன்.

ஓகஸ்ட் 10

சாட்சி கொடுக்கிற நாள் முடிந்தது. வெங்காயம் கிண்டத் தொடங்கியாயிற்று. கூலியாட்கள் மூன்று பேர். மத்தியானம் இடியப்பம், சொதி.

ஓகஸ்ட் 14, புதன்

கடிதம். சங்கமில்லை, இந்த முறை அரசாங்கக் கந்தோரிலிருந்து. முழுக்கச் சிங்களம். ஒரு எழுத்துத் தெரியாது எனக்கு. சயிக்கிளில் சுன்னாகம் போய்ப் பேக்கரிச் சிறிசேனவிடம் கொடுத்தேன். மாவு இல்லாமல் அடுப்பு அணைந்து கிடந்தது, ஆளுக்கு வேலையில்லை. இரண்டு தரம் வாசித்தான். வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்தான்.

"சொல்லன்."

"அண்ணை, இதிலை எழுதியிருக்கு, உங்கடை கால் தோட்ட வேலையிலை நடந்த விபத்து எண்டு. அதாலை இல்லையெண்டு எழுதியிருக்கு." பிறகு, "அதுக்குக் கீழை வருத்தம் எண்டும் போட்டிருக்கு" என்றான்.

நேற்றைய பணிஸ் ஒன்றைக் கடதாசியில் சுற்றித் தந்தான். அது பசிக்கா, ஆறுதலுக்கா தெரியவில்லை. வழியில் தின்றுவிட்டேன்.

முந்தி ஊர்தான் சொன்னது. இப்போது அரசாங்கமும் முத்திரை குத்திச் சொல்லிவிட்டது.

ஓகஸ்ட் 22, வியாழன்

வெயில். காற்று விட்டுவிட்டது.

பொன்னுருக்கு, மாப்பிள்ளை வீட்டில். போகமாட்டேன் என்று இருந்தேன். "சித்தப்பா வராட்டில் நானும் மணவறையிலை இருக்கமாட்டன்" என்று வசந்தி சொல்லியனுப்பினாள். போனேன். தாலிக்குப் பொன் உருகியது. பத்தர் தட்டில் கொண்டுவந்து காட்ட எல்லாரும் தொட்டுக் கும்பிட்டார்கள்.

பிறகு பலகாரம். எனக்கு நேரே மாப்பிள்ளையின் பெரிய மாமா. கொழும்பில் உத்தியோகமாயிருந்து இளைப்பாறினவர். அவருடைய தலைக்கு மேலே சுவரில் கண்ணாடி போட்ட ஒரு பத்திரம், சண்டைக் காயத்துக்கு அரசாங்கம் கொடுத்தது. சண்டைக் காலத்தில் திருகோணமலையில் படைக் களஞ்சியத்தில் சாமான் எண்ணினவராம். குண்டு விழுந்த அன்று மேசைக்குக் கீழே போகும்போது கண்ணாடித் துண்டு கையைக் கிழித்ததாம். சட்டைக் கையை மடித்துக் காட்டினார். கூர்ந்து பார்த்தால் தெரிந்தது.

"கொழும்பிலை இருந்து விசாரிக்க வந்தவை. எங்கடை அத்தான்தான் சாட்சி சொன்னவர். கோழி மாதிரி ரத்தம் ஓடினது எண்டு சொல்லிப்போட்டார்." எல்லாரும் சிரித்தார்கள்.

மாப்பிள்ளையின் தகப்பன் சொன்னார், "எங்கடை குடும்பத்திலை ஒரு பட்டாளத்து ஆள் இருக்கிறது எங்களுக்குப் பெரிய பெருமை."

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் பயிற்றம்பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமில்லை. இந்த வீட்டுக்குப் பயந்துதான் என்னை விற்றார்.

"உங்கடை காலுக்கு என்ன நடந்தது?" பெரிய மாமா என்னைக் கேட்டார்.

அண்ணை நிமிர்ந்தார். வாயும் திறந்தது. இந்த முறை உண்மையைச் சொல்லத்தான் திறந்தார் என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் அவர் நல்லவராகி வீட்டுக்குப் போயிருப்பார். என்னிடம் அரசாங்கத்தின் மறுப்பு இருக்கிறது, அவரிடம் ஒரு சொல். அதை இந்தச் சபையில், பலகாரத்துக்கு நடுவில், செலவில்லாமல் தர நான் விடவில்லை.

"துலாவாலை விழுந்தனான்" என்றேன்.

"அப்பிடியோ. அது முறிவுதானே, பத்துப் போட்டா மாறிவிடும்." அவர் தன் கையைத் தடவிக்கொண்டார். "சண்டையிலை பட்ட காயம் வேறை. அதின்ரை நோ பட்டவனுக்குத்தான் தெரியும்."

சபை முழுக்கத் தலையாட்டியது.

"ஓம்," என்றேன். "பட்டவனுக்குத்தான் தெரியும்."