படத்தில் விழாத வெற்றி

மார்ச் 4
திருவிழாவின் கடைசி நாள் பெண்கள் கயிறிழுப்பு. கீழத்தெரு ஒன்பது வருஷமாகத் தோற்கிறது. ஒன்பது வருஷமும் முதல் ஆளாக நின்று இழுத்தவள் நான். இந்த முறை மேலத்தெருவுக்கு முதல் ஆள் என் அண்ணி. "தையல்காரிக்கு நூல் இழுக்கத்தான் வரும்"னு சொன்னாங்களாம். சொல்லட்டும், களத்தில் பார்த்துக்கறேன்.

மார்ச் 6
செல்போன் கடைக்காரர் கயிற்றுக்கு ரோஸ் பெயின்ட் அடித்துவிட்டார். ஃபேஸ்புக்கில் ஊர்ப் பக்கத்தில் வீடியோ போடுவது அவர்தான். பழைய கயிறு வீடியோவில் டல்லா தெரியுதாம். பயிற்சி முடிந்தால் எல்லார் உள்ளங்கையும் ரோஸ். வீடியோவில் இல்லாதது நடக்கவே இல்லைன்னு ஆகிப்போச்சு இந்த ஊர்ல.

எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டுக்காரரையும் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 9
ஜெயிச்சுட்டோம். அண்ணி கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து குப்புற விழுந்தாங்க.

அப்புறம் நடந்ததை எழுதவே வயிறு எரியுது. "அக்கா, கூட்டம் மறைச்சிடுச்சு. வீடியோவுக்காக இன்னொரு தடவை இழுங்க"ன்னார் கடைக்காரர். சரின்னு தலையாட்டினேன் பார், என்னைச் சொல்லணும். நாங்க கேமராவைப் பார்த்துச் சிரிச்சோம். அவங்க நிஜமாவே இழுத்தாங்க. நாங்க தோத்ததுதான் இப்போ ஊர்ப் பக்கத்தில் ஓடுது.

நம்ம ஆள் எடுத்திருப்பாரேன்னு ஓடினால் — செல்ஃபி கேமராவைத் திருப்பவே இல்லை மனுஷன். அவர் மூஞ்சிதான் தெரியுது. ஒரு நொடிக்கு மேல் பார்க்கப் பொறுக்கலை.

மார்ச் 10
நாற்பதாயிரம் பேர் பார்த்தாச்சு. வீட்டுக்காரரோடு பேச்சு கிடையாது.

மார்ச் 12
அண்ணி வந்தாங்க. "முதல்ல நீங்கதான் ஜெயிச்சீங்கன்னு சொன்னா எங்க தெருவுலயே நம்ப மாட்டேங்கறாங்க. உன் வீட்டுக்காரர் எடுத்ததைப் போடேன். சத்தமாவது கேக்கும்."

அவங்க போனதும் பார்த்தேன். முப்பத்திரண்டு நொடி. விசில், மைக்கில் "கீழத்தெரு வெற்றி", எல்லாம் துல்லியமாகக் கேட்கிறது. ஆனால் நான் எங்கே அதைக் கேட்டேன்? பதினாறு வருஷத்தில் என்னை ஒரு வார்த்தை பாராட்டாத ஆள், கண்ணில் தண்ணி வழிய, "இழுடி என் ராசாத்தி"ன்னு தொண்டை கிழியக் கத்துறார். ஜெயிச்சதும் பக்கத்தில் நின்ற மேலத்தெரு ஆளைக் கட்டிப்பிடிச்சு முத்தம் வேற.

நாலு தடவை பார்த்தேன். என் போனுக்கு அனுப்பிக்கொண்டு அவர் போனில் அழித்துவிட்டேன்.

அண்ணியைக் கூப்பிட்டு, சத்தமும் சரியா விழலைன்னு சொன்னேன்.