பல் முளைத்த கடல்

கிள்ளை முகாம்,
ஜனவரி 2005

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பத்திரிகையில் நீ கடலைக் கோரைப்பல் அரக்கனாக வரைந்ததைப் பார்த்து, செத்தவர்களை வைத்து வேடிக்கை காட்டுகிறாய் என்று பலரும் திட்டுகிறார்களாமே. இனிமேல் கார்ட்டூனே போடமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய்.

இங்கே நடந்ததைக் கேள். சுனாமி நம் பாப்பாவைக் கொண்டுபோன நாளிலிருந்து உன் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார், அவ்வளவுதான். முகாமுக்கு வந்த பேப்பரில் உன் படத்தைப் பார்த்ததும் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"என்னாடி ஒன் தம்பி இப்புடி போட்டு வச்சிருக்கான்? கடலுக்கு ஏது பல்லு? நாளைக்கு நா அதுலதான எறங்கணும்?" என்று கத்தினார்.

அவர் குரலைக் கேட்டதே எனக்குப் போதுமாக இருந்தது. பிறகு பேப்பரை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் அழுதார்.

நீ வரைவதை விடாதே. உன்னோடு நேரில் சண்டை போட வேண்டுமாம், "மச்சான வரச் சொல்லு" என்கிறார். நேற்று வலை பின்னுகிறவர்களோடு போய் உட்கார்ந்தார். திரும்பி வந்து நம் பாப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

எனக்குத்தான் அந்தப் பெயரை இன்னும் எழுத வரவில்லை.

உன் அக்கா