ஒரு முறம் தவிடு

கரிக்கலாம்பாக்கம்
2.3.2025

பிரியமுள்ள ஸ்டெல்லா அத்தைக்கு,

ருக்குமணி மகள் வெண்ணிலா எழுதுகிறேன். நீங்கள் ஏற்காட்டு விடுதிக்குச் சமையல் வேலைக்குப் போனபோது எனக்கு ஐந்து வயது. என் முகம் நினைவிருக்குமோ என்னவோ. உங்கள் தம்பி ஆண்டனி மாமா போன் நம்பர்தான் கொடுத்தார். போனில் எனக்குப் பேச்சு வராது, மூச்சுதான் வரும். அதனால் விலாசம் கேட்டு வாங்கினேன்.

பள்ளிக்கூடம் ஒன்பதாவதோடு நின்றுவிட்டது. அம்மாவுக்கு இடுப்பு வலி, வீட்டு வேலை என்னுடையது. போன வாரம்தான் பாகூரில் தையல் வகுப்பில் சேர்ந்தேன். பேரை எழுதும்போது டீச்சர், "அழகா இருக்கே, யார் வெச்சது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. வீட்டில் கேட்டேன். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். பக்கத்து வீட்டுக் கலியம்மாள் பெரியம்மாதான் சிரித்தாள்.

"இன்னாடி, தெரியாதா? உனக்கு முன்னாடி ரெண்டு புள்ள தங்கல. அதான் நீயாவது தங்கட்டும்னு, பொறந்ததும் முறத்துல போட்டு ஸ்டெல்லாகிட்ட குடுத்துட்டோம். அவ புள்ளயாயிட்டே. அப்பால உங்கம்மா ஒரு முறம் தவுடு குடுத்து உன்னை வாங்கினா. வித்தவதான் பேர் வெக்கணும்."

அன்றிலிருந்து இதே நினைப்பு அத்தை. அடிபம்பு பக்கத்தில் உங்களை "அம்மா" என்று கூப்பிட்டு, அம்மாவிடம் அறை வாங்கியது ஞாபகம் இருக்கிறது. அந்த வாரமே நீங்கள் ஊரை விட்டுப் போய்விட்டீர்கள். பிறகு அம்மா உங்கள் பேச்சையே எடுப்பதில்லை.

அந்தத் தவிடு உங்களிடம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் உங்களிடம் வந்துவிடுகிறேன். பாத்திரம் நன்றாகத் தேய்ப்பேன்.

உங்கள்
வெண்ணிலா


ஏற்காடு
14.3.2025

கண்ணு வெண்ணிலாவுக்கு, மாதா உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். பால் பொங்கி வழிந்து, விடுதிப் பிள்ளைகளெல்லாம் சிரித்தார்கள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் எனக்குப் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரர் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு போனார். பெண் பிறந்தால் வைக்கலாம் என்று ஒரு பேர் வைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. அடுப்பு ஊதும்போது மட்டும் மெதுவாகச் சொல்லிப் பார்ப்பேன்.

அன்று நீ என் மடியில் அரைமணி நேரம் இருந்தாய். உன் அம்மா முறத்தோடு வாசலில் வந்து நின்று, "புள்ளய விக்கிறியா?" என்று கேட்டாள். உன்னை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன். மறுபடியும் கேட்டாள். மூன்றாம் முறை அவள் குரல் உடைந்துவிட்டது. "குடுத்துடு ஸ்டெல்லா" என்றாள். கொடுத்துவிட்டேன், நான் வைத்திருந்த அந்தப் பேரோடு.

தவிட்டைக் கேட்கிறாய். அது இல்லை கண்ணு. அன்று சாயங்காலமே யாரும் பார்க்காதபோது உங்கள் வீட்டுக் கன்றுக்குட்டிக்குக் கொட்டிவிட்டேன். என்னிடம் இருந்திருந்தால் மறுநாளே முறத்தைத் தூக்கிக்கொண்டு உன்னைக் கேட்க வந்திருப்பேன். என்னை நான் நம்பவில்லை.

அதனால் நீ இங்கே வரக்கூடாது. அம்மா இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

ஸ்டெல்லா


கரிக்கலாம்பாக்கம்
23.3.2025

பிரியமுள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். துவைக்க எடுத்தபோது அம்மா கையில் கிடைத்துவிட்டது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. "யாருடி எழுதுனது? வாய்விட்டுப் படி" என்றாள். படித்தேன். கன்றுக்குட்டி வந்த இடத்தில் நிறுத்தினாள்.

"மறுக்கா படி."

படித்தேன்.

"அன்னிக்கே போட்டுட்டாளா? மூணு தபா கேட்டப்புறம்தானடி குடுத்தா. தவுட்ட மூட்டை கட்டி வெச்சினு இருக்கா, என்னிக்காவது தூக்கினு வந்துடுவான்னு பயந்துனே இருந்தேன். நீ வேற அவளப் போயி அம்மான்னு கூப்ட்டியா... என் வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லிட்டேன்டி."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அந்தக் கன்னு வளந்து கறந்த பாலத்தான் நீ குடிச்சே" என்றாள்.

வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவுக்கு உங்களை வரச் சொல்கிறாள். இதை அப்படியே எழுதச் சொன்னாள்: "கைய வீசினு வரச் சொல்லு. எதையும் தூக்கினு வரக் கூடாது."

பஸ் நிற்கும் இடத்தில் நான் நிற்பேன். பேசாமல் நின்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீங்களே முதலில் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

வெண்ணிலா