மணிக்கட்டு ஒடிந்த விதம்

தென்காசி
6.7.2025

அன்புத் தங்கச்சி ஆனந்தவள்ளிக்கு,

ஒடிந்தது இடது கை என்பதால் எழுத முடிகிறது. போனில் பேசலாம்தான், ஆனால் உன் மதினி பக்கத்தை விட்டு நகர்வதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் மெயினருவியில் குளித்துவிட்டு வரும்போது இலஞ்சி ஆட்டோக்காரன் மாடன் என்னைத் தள்ளிவிட்டான். புகார் கொடுத்தேன். அவனை ரிமாண்டு செய்துவிட்டார்கள். பட்டாளத்தில் சுபேதாராக இருந்த, ஊரில் ஜிம் நடத்துகிற என்னை, ஈரத்துண்டோடு நாலு பேர் தூக்கி உட்கார வைத்தார்கள். நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது.

எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொன்னாயாம். அது பொம்பளைகளுக்கு உள்ளது. போன மாதம்தான் ஜிம்மில் இருக்கும் மெஷினில் ஏறி நின்றேன். தசை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று பிரித்துக் காட்டி, ஐம்பத்தெட்டு வயதுக்காரனுக்கு உடம்பு வயது நாற்பத்திரண்டு என்றது. இதற்கு மேல் என்ன ஸ்கேன்?

மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
சங்கிலிப்பாண்டி


மதுரை
10.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கை ஒடிந்த சேதியை மதினி சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது.

உங்கள் மெஷினைக் குறை சொல்லவில்லை. காலடியில் லேசாக மின்சாரம் பாய்ச்சி, தசையையும் கொழுப்பையும் கணக்குப் போடுகிறது. தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் ஒன்று சொல்லும், வியர்த்துவிட்டு ஏறினால் வேறொன்று சொல்லும். எலும்பு உறுதியாக இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

எலும்பு வார்டில் நர்ஸாக இருக்கிறேன் என்பதற்காக எல்லாரையும் ஸ்கேன் எடுக்கச் சொல்ல மாட்டேன். பலருக்கு அது வீண் அலைச்சல். ஆனால் நின்ற இடத்தில் விழுந்து ஒடித்துக்கொண்டவர்கள் கட்டாயம் எடுக்க வேண்டும். அதோடு, மூச்சிரைப்புக்கு மருந்துக்கடையில் நீங்களாகவே வாங்கி வருஷக்கணக்காக விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை எலும்பைத் தின்றுவிடும். ஆம்பளை, பொம்பளை என்றெல்லாம் அது பார்க்காது.

இன்னொன்று, கோபப்படாதீர்கள். மாடன் தள்ளினான் என்கிறீர்கள். எப்படித் தள்ளினான்?

பாசத்துடன்,
ஆனந்தவள்ளி


தென்காசி
22.7.2025

அன்புத் தங்கச்சிக்கு,

திருநெல்வேலி போய் எடுத்துவிட்டேன். காத்திருந்தவர்கள் எல்லாரும் பெண்கள். கூப்பிட வந்த பெண், "உங்க வீட்டம்மா எங்கன?" என்று கேட்டாள். எனக்குத்தான் என்று சீட்டை நீட்டினேன். படுக்க வைத்தார்கள், மேலே ஒரு கருவி நகர்ந்தது, அவ்வளவுதான். வலி ஒன்றும் இல்லை. எலும்பு அடர்த்திக்கு ஒரு எண் தருகிறார்கள்; எனக்கு இடுப்பும் முதுகும் மைனஸ் மூன்றுக்குக் கீழே. மைனஸ் இரண்டரை வந்தாலே எலும்பு மெலியும் நோயாம், எலும்புப்புரை என்கிறார்கள்.

டாக்டரும் நீ கேட்டதையே கேட்டார்: "எப்படி விழுந்தீங்க?"

ஆனந்தவள்ளி, மாடன் தள்ளவில்லை. வழுக்குப் பாறையில் என் தோளைப் பிடித்து, "அண்ணாச்சி, வயசான ஆளு, பாத்து வாங்க. இங்கன வழுக்குது" என்றான். வயசான ஆளு என்றது எனக்குப் பொறுக்கவில்லை. அவன் கையை உதறினேன். உதறிய வேகத்தில் நானே விழுந்தேன். சுற்றி நின்றவர்கள், "தள்ளிட்டானா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். சும்மா விழுந்ததிலேயே கை ஒடிந்தது என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

மதினிக்குத் தெரிய வேண்டாம். படித்ததும் இதைக் கிழித்துவிடு.

சங்கிலிப்பாண்டி


மதுரை
26.7.2025

அண்ணனுக்கு,

கிழித்துவிட்டேன். மதினியிடம் நான் சொல்ல மாட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எலும்பு மெலிந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருந்து இருக்கிறது, இரண்டாவது தடவை ஒடியாமல் பார்த்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். ஆனால் விழாமல் பிடித்தவன் ஜெயிலில் இருக்கிறான், நீங்கள் ஜிம்மில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அண்ணா, உங்களை நினைத்து எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை எழுதக் கை வரவில்லை, இருந்தும் எழுதுகிறேன்.

ஸ்டேஷனில் உண்மையைச் சொல்லுங்கள். அதுவரை என்னிடமிருந்து கடிதம் வராது.

ஆனந்தவள்ளி


தென்காசி
17.8.2025

தங்கச்சிக்கு,

முதலில் உன் மதினியிடம் சொன்னேன். "இத்தன நாளும் என்கிட்டயும் நடிச்சியளா?" என்றாள். இரண்டு நாள் சாப்பாட்டை மட்டும் எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

ஸ்டேஷனில் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டி, நடந்ததை எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுத முடியாது. மாடன் ஜாமீனில் வந்துவிட்டான். கேஸை முடிக்க வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இலஞ்சிக்கு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி வாசலை மறித்து நின்றாள். "எங்ககிட்ட சொல்லி என்னத்துக்கு? ஸ்டாண்டுல அவுகளை ரௌடின்னுல்லா சொல்லுதாவ. அங்கன வந்து சொல்லுங்க."

குற்றாலம் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய்ச் சொன்னேன். "எனக்கு எலும்பு மெலிஞ்சு போச்சு. மாடன் என்னைத் தள்ளல, விழாமப் பிடிக்கத்தான் வந்தான். நான் சொன்னது பொய்." யாரோ ஒருவன் சிரித்தான். ஜிம்முக்கு வரும் இரண்டு பேர் டீக்கடையில் நின்றிருந்தார்கள், தலையைத் திருப்பிக்கொண்டார்கள். மாடன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

பஸ்ஸுக்கு நடந்தேன். சாரல் பிடித்தது. பின்னால் வந்த மாடனின் ஆட்டோ பக்கத்தில் நின்றது. "ஏறும்" என்றான். வீடு வரை கொண்டுவந்தான். ஒரு கையால் கம்பியைப் பிடித்து நான் மெல்ல இறங்கும் வரை எஞ்சினை அணைத்து வைத்திருந்தான். பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

நாளைக்கு எலும்பு டாக்டரைப் பார்க்கப் போகிறேன். மதினியும் வருகிறேன் என்றாள்.

இனி நீ எழுதலாம் என்று நினைக்கிறேன்.

அண்ணன்