கேட்காமல் காய்ச்சிய கஞ்சி

அக்கா,

இன்று காலை சமையலறையைக் கழுவுவதற்காக ஃபிரிட்ஜை முன்னால் இழுத்தபோது சுவரோரத்தில் ஒரு சோளமணி கிடந்தது. கருநீல நிறம். தும்புத்தடியால் தள்ளப் போன கை அப்படியே நின்றுவிட்டது. இந்த நிறச் சோளம் டோர்ட்மண்டில் எந்தக் கடையிலும் இல்லை. அது உங்களுடையது. நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. இவ்வளவு காலமும் அதற்குப் பக்கத்தில் நின்றுதான் சமைத்திருக்கிறேன்.

சலவைச்சாலையில் நாம் பதினொரு வருடம் ஒரே மேசையில் படுக்கைவிரிப்பு மடித்தோம். நீங்கள் குவாத்தமாலா மலைநாட்டு மாயாப் பெண், நான் யாழ்ப்பாணத்துக்காரி. பேசியது உடைந்த ஜேர்மன் மொழிதான். ஆனாலும் உங்கள் பேச்சு எனக்குள் எங்கள் ஊர்த் தமிழிலேயே பதிந்து கிடக்கிறது. போரில் உங்கள் ஊரும் எரிந்தது, எங்கள் ஊரும் எரிந்தது. அதைப் பற்றி ஒரேயொரு நாள் பேசினோம். பிறகு இருவருமே அந்தப் பக்கம் போகவில்லை.

ரயில் பாதையோரத்தில் நீங்கள் எடுத்திருந்த தோட்டத் துண்டுக்கு முதல்முறை வந்த அன்று, மண்வெட்டியை எடுத்து நான் கொத்தப் போனேன். நீங்கள் பிடியைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"பொறுங்கோ. முதல்ல கேக்கவேணும்."

"ஆரிட்டை? தோட்டம் உங்கட பேரிலதானே இருக்கு?"

"பேர் கடதாசியில இருக்கு. நிலத்திட்டைக் கேட்டனியளோ?"

மெழுகுதிரி கொளுத்தி, சாம்பிராணி போல மணக்கும் ஒரு பிசினைப் புகைத்து, முழங்காலில் நின்று உங்கள் மொழியில் ஏதோ சொன்னீர்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு சோளத்தையும் போஞ்சியையும் பூசணியையும் ஒன்றாக நட்டோம். கை தவறி விழுந்த ஒரு மணியை விரலால் துழாவித் தேடி எடுத்தீர்கள். "விட்டால் அது அழும். எங்கட பழங்கதையில நாங்கள் சோளத்தால செய்த ஆக்கள்" என்றீர்கள். நான் சிரித்தேன்.

நானோ எதையும் கேட்காமல் செய்கிறவள். "கடவுள் குடுக்க முன்னமே இவள் வரத்தைப் பறிச்சிடுவாள்" என்று என் கணவர் பகிடி பண்ணுவார். புற்றுநோய் உங்களை ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டபோது, பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுத் திறப்பைத் தந்தீர்கள். அவ்வளவுதான் கேட்டீர்கள். ஆனால் நீங்கள் சாப்பாட்டைத் தொடுவதே இல்லை என்று தாதி சொன்னாள். வருத்தக்காரரைப் பார்க்க வெறுங்கையோடு போய் எனக்குப் பழக்கமில்லை. உங்கள் அடுப்புக்கு மேலே மூன்று சோளப்பொத்திகள் தொங்கின. உங்கள் ஊர் ருசி என்றால் நாலு வாயாவது உள்ளே இறங்கும் என்று நினைத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து உதிர்த்து, ஊறவைத்து, அரைத்துக் கஞ்சி காய்ச்சினேன். மூன்றையும்.

பாதிக் கோப்பை குடித்தபின் உங்கள் முகம் தெளிந்தது.

"எங்கத்தைச் சோளம் இது?"

"உங்கட அடுப்புக்கு மேல தொங்கினது."

கரண்டி கோப்பைக்குள் நின்றது. "எல்லாமோ?"

"ஓம் அக்கா, எல்லாம்."

அப்போதுதான் சொன்னீர்கள். உங்கள் மகன் பிறந்தபோது தொப்புள்கொடியை ஒரு சோளப்பொத்தியின் மேல் வைத்து வெட்டினார்களாம். இரத்தம் பட்ட அந்த மணிகளை அவன் பெயரில் விதைத்து, விளைந்ததில் மறுபடி விதை எடுத்து, ஒவ்வொரு வருடமும் அவனோடு சேர்த்து வளர்த்திருக்கிறீர்கள். ஊர் எரிந்தபோது அவனுக்கு ஆறு வயது. அவன் மிஞ்சவில்லை, ஒரு பிடி விதை மிஞ்சியது. இந்த நாட்டில் அது முற்றுவதற்குள் ஐப்பசிக் குளிர் வந்துவிடும். அதனால் யன்னலோரத்தில் முளைக்க வைத்து, பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, சில வருடங்களில் ஒரேயொரு பொத்தியை மட்டும் காப்பாற்றி, நாற்பது வருடம் கொண்டுவந்திருக்கிறீர்கள். நான் ஒரு பின்னேரத்தில் முடித்துவிட்டேன்.

"மன்னியுங்கோ அக்கா" என்று உங்கள் காலைப் பிடித்தேன்.

"என்னட்டை இல்லை. சோளத்திட்டைக் கேளுங்கோ."

குரலில் கோபம் இல்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். மீதிக் கஞ்சியையும் நீங்கள் குடித்து, கோப்பையை விரலால் வழித்தீர்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டீர்கள்.

கேட்பதற்குத்தான் என்னிடம் சோளம் இருக்கவில்லை. இன்று ஒரு மணி இருக்கிறது. "தனிச்சு நிக்கிற சோளம் காய்க்காது, பக்கத்தில அதுக்குச் சனம் வேணும்" என்று நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது. பல்கனித் தொட்டியில் மண் நிரப்பினேன். விரலை மண்ணில் வைப்பதற்கு முன் நின்றேன். உங்கள் சொற்கள் எனக்குத் தெரியாது. மெழுகுதிரியைக் கொளுத்தி, முழங்காலில் நின்று, தமிழில் கேட்டேன்.

இது முளைக்குமோ தெரியாது. முளைத்தாலும் அதோடு முடிந்துவிடும்; முடித்தவள் நான்தான். மன்னிப்பைக் கேட்டுவிட்டு இன்னொன்றும் கேட்டேன் அக்கா: ஒரு கோடையாவது அவன் வெயிலில் நிற்கட்டும்.