அங்கே யாரும் போவதில்லை

கிளிட்ஹவுன்
மார்ச் 9

அன்புள்ள ஆஸ்கருக்கு,

இங்கே நான் நலம். உன் ஊர் இலுலிசாட்டில் கடல் இன்னும் உறைந்துதான் கிடக்கிறது என்று உன் மகன் எப்பே சொன்னான். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய புகைபோட்ட மீன் பத்திரமாக வந்து சேர்ந்தது. பாதியை டாக்மாருக்குக் கொடுத்தேன். “மீன்பிடி ஊருக்கே மீன் அனுப்புறவன் உங்க கொழுந்தன் ஒருத்தன்தான்” என்றாள். வாங்கி வைத்துக்கொண்டாள்.

எப்பே நன்றாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருகிறான். படகின் கடனைப் பற்றிப் பேசமாட்டான். பேசாததிலிருந்தே தெரிந்துகொள்கிறேன். துறைமுகத்து ரொட்டிக்கடையை மூடிவிட்டார்கள். தேவாலயக் கூரை மறுபடியும் ஒழுகுகிறது.

காரணமில்லாமல் நான் கடிதம் எழுதுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் வில்லாட்ஸும் டாக்மாரின் ஜெப்பேயும் இருக்கும் இடத்தில் மணல் அள்ளப்போகிறார்கள்.

நடந்தது இதுதான். தெற்கே கரை அரித்துக்கொண்டு போகிறது. அதை நிரப்ப அரசுக்கு மணல் வேண்டும். எந்த இடத்தில் அள்ளினால் மீன்பிடிப்புக்குச் சேதமில்லை என்று பார்க்க, நம் படகுகளிலிருந்து வரும் தகவல்களையெல்லாம் சேர்த்து ஒரு வரைபடம் போட்டிருக்கிறார்கள். நீ போனபிறகு எல்லாப் படகிலும் ஒரு பெட்டி வைத்துவிட்டார்கள். படகு எங்கே நிற்கிறது, எங்கே வலை இழுக்கிறது என்று அது தலைநகரத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பிடித்ததை மாலுமி பதிவு செய்கிறார். ஏலக்கூடத்தில் மீன் ஆய்வு நிறுவனத்துக்காக நான் மீனை அளந்து கணக்கு அனுப்புகிறேன். எல்லாம் சேர்ந்து அந்தப் படத்தில் கட்டம் கட்டமாக நிறமாகிறது. அதிகம் பிடித்த இடம் கருஞ்சிவப்பு. பிடிக்காத இடம் வெள்ளை.

அந்த இடம் வெள்ளை. அந்த இருவரோடும் ‘லோவிசா’ படகு மூழ்கிய நாளிலிருந்து, இந்தப் பதினெட்டு வருடமாக, நம் துறைமுகத்துப் படகு ஒன்றுகூட அங்கே வலை இறக்கியதில்லை. அப்படி யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததுமில்லை. இறக்கவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்துக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. ‘அங்கே’ என்பார்கள்.

பிப்ரவரியில் தலைநகரத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து, விடுதிக் கூடத்தில் படத்தை விரித்து, ஒவ்வொரு இடமாகக் கேட்டிருக்கிறார்கள். நான் அந்த வாரம் ஆய்வுக்கப்பலில் வடக்கே இருந்தேன். எப்பே சொல்லித்தான் தெரியும். அந்த இளம் பெண் அதிகாரி வெள்ளைக் கட்டத்தில் விரலை வைத்து, “இங்க மீன் பிடிக்கிறீங்களா?” என்று கேட்டாளாம். சங்கத் தலைவர் லௌரிட்ஸ் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டு, “இல்ல” என்றாராம்.

“முன்னாடி?”

“அங்க யாரும் போறதில்ல.”

“ஏன்னு சொல்ல முடியுங்களா?”

“போறதில்லம்மா. காப்பி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?”

அந்தப் பெண் நன்றி சொல்லி எழுதிக்கொண்டாள். கூடம் நிறைய ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் என்று ஒவ்வொருவனுக்கும் தெரியும். பல் வலிக்கிறது என்றுகூட மனைவியிடம் சொல்லாத ஊர் இது. வெளியூர்க்காரியிடம் செத்தவன் பெயரைச் சொல்வார்களா? ‘மீனவர்களுக்கு அக்கறையில்லாத பகுதி’ என்று அறிக்கை வந்தபிறகுதான் லௌரிட்ஸ் என் வீட்டு வாசலில் வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நான் தலைநகரத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். அதிகாரி மரியாதையாகவே பேசினார். “உங்க துக்கம் புரியுதுங்க. ஆனா எங்க படத்துல அந்த இடம் காலியா இருக்கு. மரியாதைக்குன்னு எங்ககிட்ட ஒரு நிறம் கிடையாதே.” நூறு வருடம் ஆன கப்பல் சிதைவுக்குத்தான் சட்டத்தில் காப்பு உண்டாம். படகைச் சுற்றி ஒரு வட்டம் விட்டு அள்ளுவார்களாம். நம்மவர்கள் படகுக்குள் இருக்கிறார்களா, வெளியே மணலில் இருக்கிறார்களா என்று யாருக்குத் தெரியும்? அதையும் சொன்னேன். பிறகு, தான் சொன்னதாக வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, “இறுதி முடிவுக்கு இந்தக் கோடைகாலத் தகவலையும் சேர்ப்போம்” என்றார்.

அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. இருபது வருடமாக நானும் இந்த வேலைதான் செய்கிறேன். தரவில் இல்லாததை இருக்கிறது என்று நானும் எழுதமாட்டேன். அதனால்தான் இவ்வளவு எரிகிறது.

ஆக, அந்த இடத்தைக் காப்பாற்ற ஒரே வழி, கோடை முழுக்க நம் படகுகள் அங்கே போய் வலை இழுப்பது. லௌரிட்ஸ் அதைக் கேட்கத்தான் வந்திருந்தார். வாய் வரவில்லை. நானே சொல்லி முடித்தேன். உறவுக்காரர்கள் சரி என்று சொன்னால்தான் போவார்களாம்.

டாக்மாரிடம் நான்தான் போய்க் கேட்டேன். ஜெப்பே அவளுக்கு ஒரே மகன். சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. “எம் மவன் மேல வலை இழுக்கப்போறீங்களா? இழுங்க. மணலை உறிஞ்சற குழாய்க்கு வலை எவ்வளவோ தேவல. வலை அவனுக்குப் பழகினதுதானே” என்றாள்.

நானும் சரி என்று சொல்லிவிட்டேன். இனி நீதான். கூடப்பிறந்தவன் சொல்லாமல் முதல் வலையை இறக்க யாருக்கும் மனமில்லை. எப்பேதான் முதலில் போவதாக இருக்கிறான். அவனுக்கும் உன் வார்த்தை வேண்டும். ஒரு வரி போதும். வேண்டாம் என்று நீ சொன்னாலும் குறையாக நினைக்கமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி,
தோரா


கிளிட்ஹவுன்
ஜூன் 21

அன்புள்ள ஆஸ்கருக்கு,

உன் ஒரு வரி வந்தது. ‘அண்ணி சொன்னால் சரி’ என்று எழுதியிருந்தாய். இரண்டு மூன்று தடவை படித்தேன். என் தலையில் வைத்துவிட்டாயே என்று முதலில் கோபம் வந்தது. பிறகு, உன்னிடம் எதைக் கேட்டேன் என்று நினைத்துப்பார்த்தேன். கோபம் போய்விட்டது.

மே மாதத்திலிருந்து போகிறார்கள். முதல் நாள் விடிந்தும் யாரும் கயிறு அவிழ்க்கவில்லையாம். எல்லோரும் வலையைச் சரிபார்ப்பதுபோலவே நின்றிருக்கிறார்கள். எப்பே புறப்பட்டபிறகுதான் மற்றவர்கள் பின்னால் போனார்கள். வலையை ஏற்றும்போது அவன் படகில் யாரும் பார்க்க விரும்பவில்லை. வேறு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம். நீ கேட்குமுன் சொல்லிவிடுகிறேன், அப்படி எதுவும் வரவில்லை.

மீன் வந்தது. ஆஸ்கர், நீ அப்படிப்பட்ட மீனைப் பார்த்திருக்கமாட்டாய். தட்டைமீன், ஒவ்வொன்றும் தேநீர்த்தட்டு அகலம், தடிமனாக, முதுகுப்புள்ளிகள் பளிச்சென்று. இத்தனை வருடம் வலையே காணாத இடம் அல்லவா. வானொலியில் லௌரிட்ஸ், “உங்க பெரியப்பன் எப்பவும் இப்படித்தான்டா எப்பே. நல்ல இடம் ஒண்ணை நமக்குக் காட்டாம ஒளிச்சு வெச்சுப்பான்” என்றாராம். எல்லாப் படகிலும் சிரித்திருக்கிறார்கள். பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் நிறுத்திவிட்டார்கள் என்றான் எப்பே.

பிடித்ததைக் கடலிலேயே கொட்டிவிடலாம் என்று சிலருக்கு ஆசை. கொட்டினால் கணக்கில் வராது. கணக்கில் வராவிட்டால் இவ்வளவும் எதற்கு? ஆகவே ஏலக்கூடத்துக்கு வந்தது. என் மேசைக்கும் ஒரு பெட்டி வந்தது. நீளம் அளந்தேன். எடை போட்டேன். அடுத்து தலையைப் பிளந்து, காதுக்கல்லை எடுத்து, மரத்தில் வளையம் பார்ப்பதுபோல அதில் வயதைப் பார்த்து எழுத வேண்டும். அதை மட்டும் செய்யவில்லை. அந்த மீன்கள் எந்த வருடம் முதல் அங்கே மேய்ந்துகொண்டிருக்கின்றன என்று நான் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. வயது விடுபட்டிருக்கிறது என்று நிறுவனத்திலிருந்து நினைவூட்டல் வந்தது. கத்தி மழுங்கிவிட்டது என்று பதில் எழுதினேன். படித்தவள் சொல்லக்கூடிய காரணமா இது? அடுத்த வாரமே புதுக் கத்தி அனுப்பிவிட்டார்கள்.

எப்பே ஒரு மீனை எனக்கென்று கொண்டுவந்தான். “பெரியம்மா, வேணாம்னா வேணாம்” என்று கதவுக்கு வெளியிலேயே நின்றான். வாங்கிக்கொண்டேன். சமைக்கவில்லை. தோட்டத்தில் புதைத்துவிட்டேன். அவனிடம் சொல்லாதே.

லௌரிட்ஸின் மகளுக்குப் பெண் குழந்தை. தேவாலயக் கூரைக்குச் சங்கம் பணம் கொடுத்திருக்கிறது. ஏது என்று பாதிரியார் கேட்கவில்லை. உனக்குக் கோடை நன்றாக இருக்கட்டும். இருட்டே இல்லாத நாட்களில் தூக்கம் வராது என்பாயே, ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டுக்கொள்.

உன் அண்ணி,
தோரா


கிளிட்ஹவுன்
நவம்பர் 28

அன்புள்ள ஆஸ்கருக்கு,

நமக்குச் சாதகமாக முடிந்தது என்று செப்டம்பரிலேயே எப்பே உனக்குச் சொல்லியிருப்பான். மணல் அள்ளுவதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். துறைமுகத்தில் கொடி ஏற்றினார்கள். லௌரிட்ஸ் வீட்டில் கேக் வெட்டினார்கள். டாக்மார் இரண்டு துண்டு சாப்பிட்டாள். நானும் போயிருந்தேன். எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அன்று வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்பே உனக்குச் சொல்லியிருக்கமாட்டான்.

அந்தப் படம் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய படம். வெள்ளையாக இருந்த கட்டம் இப்போது கருஞ்சிவப்பு. இந்தக் கரையிலேயே அதைப்போலச் சிவந்த கட்டம் வேறில்லை. அக்டோபரில் தெற்கேயிருந்து பெரிய இழுவைக் கப்பல்கள் வந்துவிட்டன. இரும்புச் சங்கிலி கட்டி அடிமணலைக் கிளறிக்கொண்டே போகிற வகை. முறையான அனுமதியோடுதான் வந்திருக்கிறார்கள். இங்கே யார் கிடக்கிறார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. “நாமளே விளக்கேத்தி வெச்சு வாங்கன்னு கூப்பிட்டிருக்கோம்” என்றார் லௌரிட்ஸ். அவருக்குத் திடீரென்று வயதாகிவிட்டது.

பதினேழாம் தேதி, ‘லோவிசா’ மூழ்கிய நாளில், எப்போதும்போல மலர்வளையம் போட எப்பேயின் படகில் போனேன். டாக்மாரால் இந்த வருடம் வர முடியவில்லை. மதிய வெளிச்சம், காற்று அதிகமில்லை. போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு கப்பல் வலை இழுத்துக்கொண்டிருந்தது. வானொலியில் அதன் மாலுமி, “ரெண்டு பக்கமும் வலை கிடக்கு. கொஞ்சம் தள்ளிப் போங்க, தயவுசெஞ்சு” என்று ஆங்கிலத்தில் சொன்னார். நல்ல குரல். எப்பே, “சரிங்க, மன்னிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டுப் படகைத் திருப்பத் தொடங்கினான். காரணம் சொல்லவில்லை. அவனும் இந்த ஊர்க்காரன்தானே.

நான் ஒலிவாங்கியை அவன் கையிலிருந்து வாங்கினேன். “என் கணவர் உங்க வலைக்குக் கீழ இருக்கார். அவருக்குப் பூப் போடணும்” என்றேன். பிறகு அந்த மனிதர், “எனக்குத் தெரியாதும்மா. யாருமே சொல்லலியே. இப்பவே வலையைத் தூக்கிடறேன். எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்குங்க” என்றார்.

சொன்னபடியே செய்தார். எங்கள் கண்முன்னாலேயே இரண்டு பக்கமும் வலைகள் மேலே வந்தன. பெருத்து, மணல்நீர் ஒழுக, கடற்பறவைகள் கத்திக்கொண்டு சுற்ற, அந்தக் கப்பலே நீரில் தாழ்ந்தது. நான் வளையத்தைப் போட்டேன். அந்தப் பக்கத்தில் அவர்கள் தலைக்கவசங்களைக் கழற்றிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை, ஆஸ்கர். வில்லாட்ஸை நினைக்க முயன்றேன். பக்கத்தில் எப்பே தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். கடலைப் பார்க்கவில்லை, அந்த வலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். “எவ்வளவு மீன் பாத்தீங்களா, பெரியம்மா” என்றான்.

நாங்கள் திரும்பிக் கொஞ்சதூரம் வந்ததும் அந்தக் கப்பல் மறுபடி வலையை இறக்கியது.

மறுவாரம் எப்பே தானே அங்கே போனான். இப்போது யாரும் போகச் சொல்லவில்லை. படத்துக்காகக் கணக்கில் காட்டவும் தேவையில்லை. “அவங்க வழிச்சு எடுத்துட்டுப் போறதை நாங்க கரையில நின்னு வேடிக்கை பாக்கணுமா?” என்று கேட்டான். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். இப்போது நம் துறைமுகத்துப் படகுகள் எல்லாமே போகின்றன. ‘அங்கே’ என்று யாரும் சொல்வதில்லை. படத்தில் உள்ள கட்டத்தின் எண்ணைச் சொல்கிறார்கள். அந்த எண் போட்ட பெட்டிகள் தினமும் என் மேசைக்கு வருகின்றன. காதுக்கல்லை எடுத்து, வயதைப் பார்த்து எழுதுகிறேன்.

அவனைத் தடுக்க என்னிடம் வார்த்தை இல்லை. போ என்று சொன்னவளே நான்தானே. கடனில் இருக்கிறவனிடம், மற்றவர்கள் பிடிக்கிற மீனை நீ மட்டும் பிடிக்காதே என்று எந்த முகத்தோடு சொல்வது? உன்னையும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

ஆனால் அவனுக்கு நீ எழுது. எனக்குப் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. உன் அண்ணன் போனபோது எப்பேக்கு ஏழு வயது. பெரியப்பா என்றால் அவனுக்கு ஓர் இடம், அவ்வளவுதான். அந்த மனிதர் எப்படி விசில் அடிப்பார், யாரோடெல்லாம் சண்டை போட்டார், உனக்கு நீச்சல் கற்றுத்தருகிறேன் என்று படகுத்துறையிலிருந்து தள்ளிவிட்டாரே, அதையெல்லாம் எழுது. எனக்குத் தெரிந்தது அவருடைய கடைசி ஐந்து வருடம்தான். மீதி முழுவதும் உன்னிடம் இருக்கிறது. மீனைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

டாக்மார் உன் பெயரைச் சொல்லி ஜெபம் செய்கிறாள். எனக்கு அது வராது. குளிர்காலத்தில் பனிமேல் தனியாக எங்கும் போகாதே. போனால், எங்கே போகிறாய் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ.

உன் அண்ணி,
தோரா