பாதிரியார் செடியின் கடைசிப் பிரசங்கம்

மார்ச் 7, 2023

மழை. மேல் பாதையில் மறுபடி மண் சரிந்திருக்கிறது. பால் தீர்ந்துவிட்டது. காப்பியைக் கறுப்பாகவே குடித்தேன்.

மதியம் ஹேலி கூப்பிட்டாள். கீழே பள்ளத்தாக்கில் நாற்றுப்பண்ணை வைத்திருப்பவள். நம் பாதிரியார் செடியை விலைக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதமாம். "ரெண்டு விஷயம் வேணும் நோரீன். நாலு தாய்ச்செடியிலேருந்தும் கொஞ்சம் வேர், பரிசோதனைக்கு. அப்புறம் எங்க விற்பனைப் பட்டியல்ல போட ஒரு பக்கம். செடி எங்கேருந்து வந்துச்சு, என்ன குணம். நீங்க எழுதினாத்தான் சரியா இருக்கும்."

அவள் எடுத்துக்கொண்டால் இந்த மலையை விற்க வேண்டாம். அவ்வளவுதான் கணக்கு. கஞ்சா சட்டபூர்வம் ஆனதும் விலை விழுந்தது. இந்த முகட்டில் பாதி வீடு காலி. நான் மட்டும் எதை வைத்து நிற்கிறேன் என்று ஊரில் கேட்கிறார்கள். ஒரு செடியை வைத்துத்தான்.

மார்ச் 9

எழுத உட்கார்ந்தேன். முதலில் பூர்வீகம்.

இந்துகுஷ் மலைகளிலிருந்து ஒரு பயணி கோட்டு விளிம்பில் தைத்துக் கொண்டுவந்த விதை. அவன் பெயருக்கு இங்கே மூன்று வடிவம் உண்டு, எதையும் நம்ப முடியாது. அந்த மலைச்செடி மெக்சிக்கோவின் ஒல்லி நெட்டைச் செடியோடு ஒருமுறை கலந்தது. பிறகு மலைச்செடியோடே இரண்டு முறை சேர்த்தார்கள். ஆகவே எட்டில் ஏழு பங்கு மலை இரத்தம். 1986-இல் என் கணவன் டெல் அந்த விதைகளில் நாற்பது போட்டான். ஆண்செடிகளைப் பிடுங்கினான். பெண்செடிகளில் ஒன்று மட்டும் மற்றவை போல இல்லை.

அந்த ஒன்றிலிருந்து குச்சி வெட்டி வேர்விட வைத்தோம். அதிலிருந்து இன்னொரு குச்சி. விதை எடுத்ததே இல்லை, விதை எடுத்தால் குணம் சிதறிவிடும். இன்று கொட்டகையில் விளக்கடியில் நிற்கும் நாலும் மகளோ பேத்தியோ அல்ல. அன்று முளைத்த அதே ஆள்.

பெயர் வந்த கதையை எழுதலாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை முதன்முதலாகப் புகைத்த மூன்று பேரும் காலணி கழற்றாமலே எங்கள் முற்றத்தில் தூங்கிவிட்டார்கள். "எங்க ஊர்ப் பாதிரியார் பிரசங்கத்துலகூட யாரும் இப்படிச் சரிஞ்சதில்ல" என்றான் டெல். ஹேலிக்குப் பிடிக்கும். எழுதிவிட்டேன்.

மார்ச் 10

வேர்த் துணுக்குகளை அனுப்பினேன். மழை.

மார்ச் 16

குணம்.

இடுப்பளவுக்கு மேல் வளராது. அடி அகலம், தண்டு விரல் பருமன். இலை விரல்கள் தடித்து, கறுப்பு கலந்த பச்சை. சீக்கிரம் முடியும் செடி, அக்டோபர் மழை மொட்டுகளை அழுக வைப்பதற்குள் கையில் வந்துவிடும். இரவு குளிர ஆரம்பித்தால் இலைக்காம்பு முதலில் ஊதா ஆகும், பிறகு மொட்டு. வாசனை: நனைந்த மண், டீசல், வறுத்த காப்பிக்கொட்டை. அறுக்கும்போது கத்தரிக்கோல் பிசினில் ஒட்டி நின்றுவிடும். எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும்.

தலையைத் தொடாது. முழங்காலுக்குப் பின்னால் ஒரு கனம் தொடங்கும். அது இடுப்புக்கு வரும், தோளுக்கு வரும். டெல்லின் எலும்பில் நோய் இறங்கிய கடைசிக் குளிர்காலத்தில் மாத்திரை செய்யாததை இது செய்தது. பட்டியலில் இதைப் போட முடியாது. எனக்காக எழுதி வைக்கிறேன்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மை. ஆனால் போன வருடத்துச் செடி இதில் இல்லை. போன வருடம் கத்தரிக்கோல் ஒட்டவில்லை. கிளைகள் பக்கவாட்டில் சாய்ந்து வளர்ந்தன. கை பட்டால் சடக்கென்று முறிந்தன. காட்டுத்தீப் புகையால் என்று நினைத்தேன். அப்புறம் என் கைதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். டெல் இல்லாத கை.

மார்ச் 24

நாலிலும் இருக்கிறது.

ஹேலிதான் சொன்னாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள், ஆஸ்பத்திரியில் பேசுவது போல. "வைரஸைவிடச் சின்னது நோரீன். வைராய்டுன்னு பேரு. செடி சாகாது. பார்க்க நல்லாவே இருக்கும். உள்ள இருக்கறது மட்டும் போயிடும். பிசின் வராது, வாசனை வராது."

எப்படி வந்தது?

"கத்தரிக்கோல்ல வரும். நீங்க இன்னொரு தோட்டத்துல வேலை செஞ்சுட்டு, அதே கத்தரியோட உங்க கொட்டகைக்கு வந்தாப் போதும்."

இரண்டு அறுவடைக்காலம் மற்றவர்கள் தோட்டத்தில் கூலிக்கு வெட்டினேன். என் சொந்தக் கத்தரிதான். கைக்குப் பழகியது என்று எடுத்துப் போனேன்.

மார்ச் 25

—

மார்ச் 29

தீவனக் கடையில் ரூத்தானிடம் சொன்னேன். முப்பது வருடச் சிநேகிதி. எங்கே வாய் மூட வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

"வேற யார்கிட்டயாவது ஒரு குச்சி இருக்குமேடி. நல்ல குச்சி, நோவு வர்றதுக்கு முன்னாடி குடுத்தது."

"டெல் யாருக்குக் குடுத்தான்?"

"அதானே. உப்புகூடக் கடன் குடுக்காத மனுஷன்."

பூ விற்போம், குச்சி தரமாட்டோம். அதுதான் டெல்லின் சட்டம். செடியைப் பிடுங்கப் போலீஸ் ஹெலிகாப்டர் தலைக்கு மேல் சுற்றிய காலத்தில் எல்லோரும் தோட்டத்தை இழந்தார்கள், நாங்கள் மட்டும் அடுத்த வருடம் எழுந்தோம். இந்தச் செடி வேறு எவரிடமும் இல்லை என்பதால்தான் எழுந்தோம். சண்டை போட்டுக் காப்பாற்றினோம். உலகத்திலேயே நாலு. அந்த நாலும் என் கொட்டகையில்.

ஏப்ரல் 3

இன்னொரு வழி உண்டு என்கிறாள் ஹேலி. கிளை நுனியில் ஊசிமுனை அளவு எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்தால், சில சமயம் நோய் எட்டாத துளி கிடைக்கும். பன்னிரண்டு நுனி அனுப்பியிருக்கிறேன். அனுப்பும் முன் நம்பிக்கை வைக்கவா என்று கேட்டேன். "அனுப்பி வைங்க" என்றாள். கேள்விக்கு அது பதிலா?

மே 20

இந்த வருடம் வெளியே ஒன்றும் நடவில்லை. குழிகளில் புல் முளைத்திருக்கிறது. தாய்ச்செடிகளுக்கு மட்டும் தண்ணீர். பார்க்க எவ்வளவு அழகாக நிற்கின்றன.

ஜூலை 30

பன்னிரண்டில் எட்டு குப்பியிலேயே கறுத்துவிட்டன. நாலு முளைத்தன. நாலிலும் நோய்.

குப்பிச் செலவுக்குப் பணம் வேண்டாம் என்றாள் ஹேலி. அதுதான் அதிகம் வலித்தது.

ஆகஸ்ட் 2

ரூத்தான் கூப்பிட்டாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "அடியே, அந்தத் திருடன்கிட்ட இருக்குமே."

யாரைச் சொல்கிறாள் என்று கேட்க வேண்டியதில்லை. வெர்ஜில். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்து ஆள். 1998-இல் ஒரு காலை தாய்ச்செடியில் நல்ல கிளையாக மூன்று இல்லை. சவரக்கத்தியால் சீவியது போலச் சாய்வான வெட்டு. முந்தின நாள் பம்பு பழுது பார்க்க வந்தவன் வெர்ஜில். டெல் நேரே போய்க் கேட்டான். அவன் இல்லை என்றான். டெல் பொதுப்பாதையில் இரும்புக் கதவு போட்டான். அதன் பிறகு அவன் பத்து மைல் சுற்றித்தான் ஊருக்குப் போகிறான். டெல்லை அடக்கம் செய்த அன்று வண்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, உள்ளே வராமல் போனான்.

"மறு வருஷமே அவன் தோட்டத்துப் பக்கம் காப்பி வாசம் அடிச்சுதுடி," என்றாள் ரூத்தான். "நானே மோந்தேன். அவன்கிட்ட வாங்கினவன் எல்லாம் இது பாதிரியார்தான்னு சத்தியம் பண்ணினான்."

நானும் மோந்தேன். காற்று கிழக்கிலிருந்து வந்த நாட்களில், டெல் பற்களைக் கடித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்துவான்.

ஆகஸ்ட் 3

கால் நூற்றாண்டாகத் திருடன் என்று சொன்ன ஒருவன், இன்று திருடனாகவே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இப்படி ஒரு வேண்டுதலை எந்தக் கடவுளிடம் வைப்பது?

ஆகஸ்ட் 5

போனேன். பாதைக் கதவின் பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. சுத்தியலால் தட்டித் திறந்தேன்.

வெர்ஜில் தக்காளிச் செடிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிமிரவில்லை.

"கதவு பிஞ்சு போச்சா, இல்ல நீதான் திறந்தியா?"

"நான்தான்."

"அப்ப யாரோ செத்திருக்கணும்."

சொன்னேன். எல்லாவற்றையும். கத்தரிக்கோல், குப்பிகள், ஹேலி, மலை. அவன் கயிற்றைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். கடைசியில் நான் கேட்டேன்: "வெர்ஜில், நீ எடுத்ததுன்னா எனக்குக் கோவம் இல்ல. சத்தியமா இல்ல. இன்னும் வச்சிருக்கியான்னு மட்டும் சொல்லு."

அவன் கை மண்ணைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். என் முகத்தில் இருந்த ஆசையை அவன் பார்த்திருப்பான். பொய் சொன்னால்கூட நல்லது என்று அவனுக்குத் தோன்றியிருக்கலாம்.

"நான் எடுக்கல நோரீன்."

"வாசனை வந்துச்சே."

"அது என் செடி. எங்க சித்தப்பா குடுத்தது. காப்பி வாசம் அடிக்கிற செடி இந்த மலையில உன் வீட்டுல மட்டுமா இருக்கு?" கொஞ்சம் சிரித்தான். "டெல் ஊரெல்லாம் சொல்லி வச்சான் பாரு, நான் பாதிரியாரைத் திருடிட்டேன்னு. அதுக்கப்புறம் என் சரக்குக்கு வந்த கிராக்கி! நான் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. அந்தத் திருட்டுப் பேர்லதான் இந்தக் கூரை போட்டேன்."

"அப்ப அந்தக் கிளை?"

"காட்டெலி. சவரக்கத்தி மாதிரி சாய்ச்சு வெட்டும். கூட்டுக்குள்ள கொண்டுபோய் அடுக்கும். அன்னைக்கே டெல்கிட்ட சொன்னேன், கொட்டகைக்குப் பின்னால சுள்ளிக் கூடு இருக்கும், போய்ப் பாருன்னு. எலி மேல பழி போடறியாடான்னு என் சட்டையைப் பிடிச்சான்."

நான் கிளம்பினேன். பின்னாலேயே வண்டி வரை வந்தான். ஒரு பை தக்காளியை இருக்கையில் வைத்தான்.

"திருடியிருக்கணும்," என்றான். "தப்புப் பண்ணிட்டேன்."

கேலியாகச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6

கொட்டகைக்குப் பின்னால் சுள்ளிக் குவியல் இருக்கிறது. எப்போதும் இருந்தது. விறகு என்று நினைத்திருந்தோம்.

செப்டம்பர் 12

வீட்டுத் தரகர் வந்தார். ஊற்று, கிணறு, காட்சி எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். கொட்டகையைப் பார்த்து "இதை இடிச்சுடலாம்" என்றார்.

அக்டோபர் 21

இன்று முடித்துவிட்டேன். ஹேலி சொன்னபடி: வேரோடு எடுத்து எரிக்க வேண்டும், மண்ணை மூட வேண்டும், மேசையையும் கத்தரியையும் வெளுப்பு மருந்தில் ஊறப் போட வேண்டும்.

தனியாகச் செய்யலாம் என்றிருந்தேன். வெர்ஜில் மண்வெட்டியோடு வந்து நின்றான். கதவு திறந்தே கிடக்கிறதே, இப்போது பக்கம்தான். மூன்றை அவன் தூக்கினான். நாலாவதை என்னிடம் விட்டான். ஈரச் செடி எளிதில் பிடிக்கவில்லை. டீசல் ஊற்ற வேண்டியிருந்தது. அந்த வாசனையில் ஒரு கணம் ஏமாந்துவிட்டேன். செடியிலிருந்துதான் வருகிறது என்று நினைத்தேன்.

நவம்பர் 18

மழை தொடங்கிவிட்டது. பெட்டிகள் பாதி கட்டியாகிவிட்டன. யுரீக்கா நகரத்தில் தங்கை வீட்டுக்கு அடுத்த தெருவில் இரண்டு அறை பார்த்திருக்கிறேன். வாங்குகிறவர்கள் திங்கட்கிழமை வருகிறார்கள். இங்கே குதிரை வளர்ப்பார்களாம்.

மதியம் வெர்ஜில் பீன்ஸ் சூப் கொண்டுவந்தான். அலமாரி காலி செய்தபோது ஒரு ஜாடி கிடைத்தது, போன வருடத்து அறுவடை, கத்தரி ஒட்டாத அது. மேலே டெல் எழுத்தில் பழைய சீட்டு: பாதிரியார்.

"இதுவா?" என்றான். ஜாடியைத் திறந்து மோந்தான். "ஊரே சொல்லுது நான் இதைத் திருடினேன்னு. ஒரு இழுப்பு இழுத்ததில்ல."

சுருட்டிக் கொடுத்தேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து இருவரும் புகைத்தோம். அவன் காத்திருந்தான். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முழங்காலைத் தடவிக்கொண்டு காத்திருந்தான். கூரையில் மழை. அரைமணி ஆகியிருக்கும்.

"இதுக்கா நோரீன்?" என்றான் மெதுவாக. "இவ்வளவும் இதுக்கா?"

இது அது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எழுந்துபோய், ஹேலிக்கு அனுப்பாமல் வைத்திருந்த அந்தப் பக்கத்தை எடுத்து வந்து படித்தேன். கோட்டு விளிம்பில் வந்த விதை. நாற்பதில் ஒன்று. ஊதாக் காம்பு, ஒட்டிக்கொள்ளும் கத்தரி, முற்றத்தில் தூங்கிய மூன்று பேர். பட்டியலில் போட முடியாததையும் படித்தேன், முழங்காலுக்குப் பின்னால் தொடங்கும் கனத்தை, டெல்லை.

வெர்ஜில் கடைசி வரி வரை கேட்டான். நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை விரித்துக்கொண்டு.

தூக்கம் வரவில்லை அவனுக்கு. எனக்கும் வரவில்லை.